ஓடைக்கு மேற்கே பதினெட்டு அடி

‘அங்கே’ என்ற சொல்லை அவர் யாரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டதில்லை.

குளிர்காய்ச்சலில் பல் கிட்டித்துப்போய் வந்து நிற்பவனிடம், ராத்திரி எங்கே படுத்தாய் என்று கேட்பார். அவன் மலைப்பக்கம் கையை வீசி, “அங்கதானுங்க” என்பான். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே அவர் சொல்வார்: “அங்கன்னு ஒரு ஊரு எந்த மேப்புலயும் இல்லீங்களே. ஓடைக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா? பரண் மேலயா, தரையிலயா?” பதில் வந்த பிறகுதான் கொயினா மாத்திரை கை மாறும்.

கொல்லிமலையில் மலேரியா முகாம் போட்டிருந்த காலம் அது. அவர் முகாமின் கம்பவுண்டர். மலைக்காரர்கள் ‘டாக்டருங்க’ என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் திருத்துவார்: “டாக்டரு நாமக்கல்லுல இருக்காருங்க. நான் கம்பவுண்டருங்க.” நானூறு பேர் சொன்னால் நானூறு பேரிடமும் திருத்துவார். சலிக்காது. சட்டைப்பையில் ஒரு பென்சிலும், தையல்காரர்கள் வைத்திருக்கும் அளவு நாடாவும் இருக்கும். மருந்துப் பொட்டலத்தின் மேல் வேளை எழுதும்போது ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவார், யாரும் அதை ஒன்று என்று படித்துவிடக்கூடாது என்பதற்காக.

நான் அதே மலையில் திருப்புலி நாட்டில் ஓராசிரியர் பள்ளி வாத்தியாராக இருந்தேன். முகாமுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு மிளகுத் தோட்டம். மாலையில் பேச்சுத்துணைக்கு அவரிடம் போவேன். அவர் என்னைவிடப் பத்து வயதுக்குள்தான் பெரியவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான்கு வருஷத்தில் அவர் சொன்ன எதையும் நான் சரிபார்த்ததும் இல்லை. பின்னாளில் பத்திரிகை வேலைக்குப் போய், எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்துச் சம்பளம் வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

முகாம் வாசலில் வரிசையில் நிற்கும் பெண்கள் அவரை வைத்துச் சிரிப்பார்கள்.

“ஏன்டி, உன்ற புருசன் எங்கடி?”

“ஓடைக்கு மேக்கால எட்டடியில கவுந்து படுத்திருக்கான். போயி அளந்துக்க.”

அவரும் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, “எட்டடியா, நெசமா அளந்தீங்களா?” என்று கேட்பார். அப்போது சிரிப்பு இரண்டு மடங்காகும்.

அடிவாரத்தில், காரவள்ளியில் நடந்தது ஒன்று. மலைக்கு அப்போது ரோடு இல்லை. மருந்துப்பெட்டி வரும் நாளில் அடிவாரம் வரை நடந்தே இறங்க வேண்டும். ஒரு தடவை நானும் உடன் போனேன். தோட்டக்காரர் ஒருவர் கிணற்றங்கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிகாலையில் வாசற்படியில் ஒரு ஆமை நின்றதாம். ஆமை புகுந்த வீடு என்னாகும் என்பதுதான் ஊருக்கே தெரியுமே. ஆனாலும் அடித்துப்போட மனசு வரவில்லை. புண்ணியமாகப் போகட்டும் என்று கிணற்றில் விட்டிருக்கிறார்.

“மேல என்னமோ மஞ்சக்கோடு கோடா, நட்சத்திரமாட்ட இருந்துச்சுங்களா?” கம்பவுண்டர் கேட்டார்.

“ஆமாங்க.”

“முதுகு கவுத்த சட்டியாட்ட உசரமா? காலு யானக்காலாட்ட, வெரலுக்கு நடுவுல தோலு இல்லாம?”

“காலெல்லாம் யாருங்க பாத்தா?”

“காலத்தானுங்க பாக்கோணும். அது நெலத்து ஆமைங்க. நீந்தத் தெரியாது. நீங்க புண்ணியம்னு நெனச்சு முழுக வெச்சிருக்கீங்க.”

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றுப்படியில் இறங்கினார். ஆமை கல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே வைத்திருந்தது. கூடையில் வைத்து மேலே கொண்டுவந்து, தலையைக் கீழாகச் சாய்த்துப் பிடித்தார். வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. பிறகு அவருடைய கேள்வி வந்தது: “எந்தப் பக்கமிருந்து ஊட்டுக்கு வந்துச்சுங்க?” தோட்டக்காரர் வேலிப்பக்கம் கையைக் காட்டினார். “வேலியில எந்த எடம்?” கடைசியில் ஒரு கிளுவைச் செடியின் அடியை வந்து தொட்டுக் காட்டும்வரை அவரை விடவில்லை. அதே செடியடியில், முகம் வெளியே பார்க்கும்படி ஆமையை வைத்தார். அது உள்ளே போய் மறையும்வரை நானும் பார்த்தேன்.

பத்து வருஷம் இந்தக் கிணற்றுக் கதையை அவருடைய நல்ல மனசுக்குச் சாட்சியாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

செல்லாயியின் ஆமை வந்தது அதற்கு அடுத்த வருஷம், சாமைக்குக் களை கொத்தும் பருவத்தில். செல்லாயியின் நிலம் பள்ளிக்கூடத்துக்குக் கீழே, ஓடையை ஒட்டி இருந்தது. அவள் கணவன் சடையன் பேளுக்குறிச்சிச் சந்தைக்குத் தலைச்சுமை தூக்கிப்போகும் ஆள். நிலத்து வேலை முழுக்க அவளுடையது. ஒருநாள் காலையில் முந்தானையை இரு கையாலும் குவித்துப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

“கொத்து பட்டுருச்சு சாமி. மண்ணுன்னு நெனச்சுக் கொத்திப்புட்டேன்.”

முந்தானையில் ஒரு ஆமைக்குஞ்சு. ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிது. கறுப்பு. ஓட்டின் வலது ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு வெட்டு. அதில் எறும்பு மொய்த்திருந்தது. தலையும் காலும் உள்ளே இருந்தன.

கம்பவுண்டரிடம் காட்டலாம் என்றேன். உடனே கொடுத்துவிடவில்லை அவள்.

“எங்கூட்டுல ஒரு வழக்கமுங்க. ஓடைச் சீவனைத் தூக்குனா, தூக்குன எடத்துலயே, அது போன தெசைக்கே மொகம் வெச்சு எறக்கி உடோணும். இல்லாட்டி ஓடைக்கு வழி மறந்துரும்பாங்க. திருப்பிக் கொண்டாந்துருவீங்களா?”

“கொண்டுவருவேன்.”

“சொல்லுக்குச் சொல்லு?”

“சொல்லுக்குச் சொல்லு.”

இந்த வாக்கை நான் கொடுத்தேன். வேறு யாரும் கொடுக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கம்பவுண்டர் குஞ்சை உள்ளங்கையில் வாங்கியதும் கேட்டது, எதிர்பார்த்ததுதான். எங்கே? நான் சொன்னது போதவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு செல்லாயியின் நிலத்துக்கே வந்தார். கொத்து விழுந்த இடத்தில் அவள் ஒரு கல்லை அடையாளம் வைத்திருந்தாள். ஓடைக்கரையிலிருந்து அந்தக் கல் வரை நாடாவை மடக்கி மடக்கி அளந்தார். மேற்கே பதினெட்டு அடி. ஓடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். செல்லாயிக்கு மனசு நிறைந்துவிட்டது. “எடத்தையே எழுதி வெச்சுக்கிட்டாரு பாருங்க. இனி எங்க தப்பிப் போகும்?” என்றாள் என்னிடம்.

முகாமுக்குத் திரும்பியதும் குஞ்சை ஈரத்துணியில் வைத்துக் காத்திருந்தார். கால் மணி நேரம் கழித்து ஒரு கால் வெளியே வந்தது. பென்சில் முனையால் விரல்களை மெல்ல விலக்கிக் காட்டினார். விரல்களுக்கு நடுவே தோல் இருந்தது. “நீர் ஆமைங்க. முதுகுல பாருங்க, தலையிலிருந்து வாலுக்கு மூணு வரப்பு. ஓடு தட்டை. காரவள்ளியில பாத்தது கவுத்த சட்டி, இது மூடி.” குஞ்சைத் திருப்பினார். அடியோட்டின் நடுவில் சிறிய தழும்பு. “தொப்புளுங்க. முட்டைக்குள்ள இருந்த மஞ்சக்கரு ஒட்டியிருந்த எடம். இன்னும் மூடல. பொறந்து பத்து நாளு இருக்கும்.”

வெட்டை ஆறவைத்த வெந்நீரில் கழுவினார். எறும்புகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார். தலைகளையும் எடுத்தார், உடம்பு அறுந்த பிறகும் எறும்பின் தலை கடித்துக்கொண்டிருக்கும் என்று. முகாம் சமையற்காரன் ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்தான். “பாலு குடுத்தா செத்துருமுங்க. ஆமைக்கு ஏது பாலு?” என்று திருப்பி அனுப்பினார். அகலமான மண்சட்டியில் ஒரு பக்கம் மணல், மறுபக்கம் விரற்கடை தண்ணீர். குஞ்சு தானே ஏறவும் இறங்கவும் முடியவேண்டும்; ஆழமாக ஊற்றினால் காயம்பட்டது களைத்து மூழ்கும் என்றார். சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. மலேரியா முகாமில் கொசுப்புழுவுக்கு என்ன குறை? ஓடைக் குட்டைகளில் மொண்டுவந்த புழுக்கள் வெள்ளை எனாமல் தட்டுகளில் நெளிந்துகொண்டிருந்தன. ஒரு சொட்டுக்கரண்டியில் நாலு புழுவை அதன் மூக்குக்கு முன்னால் விடுவார். குஞ்சு கழுத்தை நீட்டி ஒன்றைக் கவ்வும்.

“சர்க்காருக்கு ஒரு கொசு கம்மி” என்பார்.

பத்தொன்பது நாள். தினமும் பள்ளி விட்டதும் போய்ப் பார்த்தேன். வெட்டு கறுத்து, பிறகு சாம்பல் நிறமாகி, மூடிக்கொண்டது. அவர் குஞ்சின் பக்கத்தில் நாடாவை வைத்து நீளம் எழுதுவார். அதன் மேல் மூச்சு விடாமல் குனிந்திருப்பார். தாய் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இருபதாம் நாள் காலையில் மண்சட்டி காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“நேத்து சாயங்காலம் உட்டுட்டு வந்துட்டேனுங்க” என்றார். “நீங்க பரிச்சைத்தாளு திருத்திக்கிட்டு இருந்தீங்க, தொந்தரவு பண்ணல. கல்லுக்கிட்டயே வெச்சேன். மொகம் ஓடையப் பாத்து. ரெண்டு தடவ மோந்து பாத்துச்சு. அப்புறம் புல்லுக்குள்ள பூந்து, சரிஞ்சு, தண்ணிக்குள்ள போச்சு. முதல்ல கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சுதானுங்க நீந்துச்சு. பொறகு நேராயிருச்சு.”

அந்த வாரம் முழுக்க மழை. செல்லாயியின் நிலத்தில் முழங்கால் சேறு. அவருடைய செருப்பு வாசலில் இருந்தது. காய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததைக் கேள்வியாக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே செல்லாயியிடம் போய்ச் சொன்னேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது என்பதையும் விடாமல் சொன்னேன். அவள் கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடைப்பக்கம் கும்பிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கல்லைச் சுற்றி, ஓடை வரைக்கும், ஒரு துண்டு நிலத்தைக் கொத்தாமல் விட்டாள். வளர்ந்த ஆமை பிறந்த இடத்தைத் தேடி முட்டையிட வரும் என்றாள்.

அடுத்த சந்தை நாளில் கம்பவுண்டரின் பெட்டி ஒன்றைச் சடையன் அடிவாரத்துக்குத் தூக்கிப்போனான். வைக்கோல் திணித்துக் கட்டிய மரப்பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படி ஒன்று போகும். மிச்ச மருந்து திரும்பிப் போகிறது என்று நினைத்திருந்தோம். “ஆட்டாம போங்க சடையா, உள்ள கண்ணாடி” என்று கம்பவுண்டர் மிளகுத் தோட்டம் வரை கூடவே போய்ச் சொன்னார். திரும்பி வந்த சடையன் என்னிடம் பெருமையடித்தான்: “ஒரு சொட்டு சிந்தலீங்க.”

மறுவருஷம் முகாம் கலைந்தது. அவர் இறங்கிப் போனார். நானும் வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் போனேன்.

அதற்கு எட்டு வருஷம் கழித்து, சமவெளிக் கல்லூரி ஒன்றில் உயிரியல் கண்காட்சி. அதைப் பற்றி அரைப் பத்தி எழுத அனுப்பினார்கள். கண்ணாடி அலமாரிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாம் அலமாரியில், கீழ்த்தட்டில், ஸ்பிரிட் நிரப்பிய பாட்டிலில் ஒரு ஆமைக்குஞ்சு. முதுகில் மூன்று வரப்பு. ஓட்டின் வலது ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு வெட்டு. நன்றாக ஆறிய வெட்டு.

பின்காலில் நூலால் ஒரு சீட்டு கட்டியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியது. கொல்லிமலை, திருப்புலி நாடு. ஓடையின் பெயர் இருந்த இடத்தில் மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. ஓடைக்கு மேற்கே பதினெட்டு அடி. தேதி: பதினேழு. அந்த ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு. அவர் தண்ணீரில் விட்டதாகச் சொன்ன அதே நாள். தேதியில் அவர் பொய் சொல்லவில்லை. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர், முதலெழுத்தோடு. அந்தச் சீட்டில் பிழை அது ஒன்றுதான்.

பக்கத்துப் பாட்டிலில் மஞ்சள் நட்சத்திரக் கோடுள்ள நிலத்து ஆமை இருந்தது. அதே கையெழுத்து. காரவள்ளிக் கிணற்றுக்கு ஒரு வருஷம் முந்தைய தேதி. கிணற்று ஆமையை அவர் வேலியடியில் விட்டதை நான் கண்ணால் பார்த்தேன், அது உண்மை. அந்த வகை அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது; இதுவும் உண்மை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது ஊகம். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் கிடைக்கவில்லை. சுகாதார இலாகாவில் விசாரித்தேன். வேலையை விட்டுவிட்டார், விலாசம் இல்லை என்றார்கள். எல்லாவற்றுக்கும் இடம் எழுதி வைத்தவர் எங்கே இருக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

காயத்தை ஆற்றியதும் அதே கைதான். ஆறட்டும் என்று பத்தொன்பது நாள் காத்திருந்ததும் அதே கைதான். இதை நான் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் ஒரே வாக்கியமாக வரவில்லை.

லீவு போட்டுவிட்டு மலையேறினேன். அப்படிப் போனபோது அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. முந்தின வருஷம் மழை பொய்த்திருந்தது. கொத்தாமல் கிடக்கும் துண்டில் மரவள்ளி ஊன்ற வேண்டும் என்று சடையன் குச்சிகளை வெட்டிக் கட்டி வைத்திருந்தான். செல்லாயி விடவில்லை.

“வாங்க வாத்தியாரே, நீங்களே ஞாயம் சொல்லுங்க” என்றான் சடையன். “ஒம்போது வருசமா ஆமைக்கு மானியம் உட்டிருக்கா. அந்த ஆமை ஒரு நாளாச்சும் வந்து எட்டிப் பாத்துச்சா? என்னை இந்த மாதிரி ஒரு நாளு காத்திருந்து பாத்திருப்பாளா?”

“நீ வராம இருந்தாத்தான காத்திருக்கறதுக்கு?” என்றாள் செல்லாயி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்கதான வந்து சொன்னீங்க, சாமி? ஒரு பக்கமா சாஞ்சு நீந்துச்சுன்னு?”

சொன்னேன். பாட்டில், வெட்டு, சீட்டு, தேதி. நான் பார்த்ததை மட்டும் சொன்னேன்.

முதலில் பேசியது சடையன். “நாந்தான தூக்கிட்டுப் போனேன்” என்றான். “ஒரு சொட்டு சிந்தாம.” மரவள்ளிக் குச்சிக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

செல்லாயி ஓடையைப் பார்த்தாள். கம்பவுண்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

“சீட்டுல உங்க பேருதான போட்டிருக்கு?”

“ஆமாம்.”

“அப்ப உங்களுதுதான. நீங்க போயிக் கேட்டா குடுப்பாங்கல்ல? கொண்டாந்து கல்லுக்கிட்ட வெச்சிருங்க. சொல்லுக்குச் சொல்லுன்னீங்களே.”

கேட்கிறேன் என்றேன். நான் இறங்கும்போது சடையன் குச்சிக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மேல் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அவளுடைய குரல் கேட்டது: “இது பொறக்கோணும்னா இதன்ற ஆத்தா இங்க வந்திருக்கோணுமில்ல? அது இன்னும் வரும்.”

கல்லூரிக்கு எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். பதப்படுத்திய மாதிரிகளைத் திருப்பித் தருவதற்கில்லை. ஆனால் தாங்களே கண்டெடுத்தவர் என்பதால் ஒரு உதவி: சீட்டில் ஓடையின் பெயர் அழிந்துவிட்டது. அதைத் துல்லியமாகத் தெரிவித்தால், அடுத்த மழைக்குப் பிறகு மாணவர்களுடன் வந்து, வெவ்வேறு அளவில் இன்னும் சில குஞ்சுகள் சேகரிக்க வசதியாக இருக்கும். சரியாக எங்கே?

ஓடையின் பெயர் எனக்குத் தெரியும். கல் தெரியும். மேற்கே எத்தனை அடி என்பதும் தெரியும். ஒரு கார்டை எடுத்து, பத்திரிகைக்காரன் எழுதவே கூடாத ஒரு பதிலை எழுதித் தபாலில் போட்டேன்.

‘கொல்லிமலையில். அங்கே.’